போட்டது யார்?

லிஸ்பனில் ஒரு மருத்துவமனையின் நடைபாதையில், உயிரோடிருக்கும் கணவனுக்காக ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுததை நான் கண்டிருக்கிறேன். நெஞ்சுவலி என்று அவரைக் கொண்டு வந்திருந்தார்கள். படம் எடுக்க அவரை மேல்மாடிக்கு அனுப்பிவிட்டு வந்த தாதி, "ஃபோய்" என்றாள். ‘போ’ என்ற வினைக்குப் போர்த்துக்கேய மொழியில் இறந்தகாலம் அது. அன்றைக்குப் பணியிலிருந்த உரைபெயர்ப்பாளர் என்னோடு வேலை செய்தவர். வினையில் அவர் ஒரு பிழையும் விடவில்லை. காலம் சரி, படர்க்கை சரி, மரியாதையும் சரி. அந்தப் பெண்ணைப் பார்த்து, "அவர் போயிட்டார்" என்று சொன்னார்.

தமிழில் அதற்கு என்ன பொருள் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அவள் விழுந்த சத்தத்தில் பக்கத்து அறைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். அவளுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்த பிறகு, அவளுடைய கணவர் சில்லுக் கதிரையில் மேலேயிருந்து வந்து சேர்ந்தார். "என்னப்பா, ஏன் இவ இப்பிடிக் கிடக்கிறா?" என்று கேட்டார்.

"அக்கா, இலக்கணத்தில என்ன பிழை விட்டனான்?" என்று சகபாடி என்னிடம் கேட்டார். ஒரு பிழையும் இல்லை என்றுதான் நான் சொல்ல முடிந்தது. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

இந்த வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டபோது இந்தச் சம்பவத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கேட்டவர்கள் சிரிப்பார்கள், பிறகு யோசிப்பார்கள். ஆனால் இன்னொன்று இருக்கிறது. அது நடந்து அதிக காலம் ஆகவில்லை. அதைச் சொல்லாமல் வினைச்சொற்களைப் பற்றி நான் உங்களிடம் பேசக்கூடாது.

என்னைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதியில், நாரந்தனையில் பிறந்தவள். பிரான்சுக்கென்று புறப்பட்டு வழியில் லிஸ்பனில் நின்றுபோன குடும்பம் எங்களுடையது. அங்கே மருத்துவமனை, பொலிஸ், நீதிமன்றம் என்று தமிழுக்கும் போர்த்துக்கேயத்துக்கும் நடுவில் நின்றே என் உழைப்புக்காலம் முடிந்தது. ஓய்வு பெற்று ஊருக்கு வந்துவிட்டேன். நீங்கள் இப்போது யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டே காணொளியில், ஆளுக்கொரு மொழியில், அந்த வேலையைச் செய்கிறீர்கள். நல்லது. "எங்கடை வாயில பாதிப் போர்த்துக்கேயம் கிடக்குதுதானே, கதிரை, அலுமாரி, குசினி எண்டு" என்று உங்களில் ஒருவர் முதல்நாள் சொன்னார். உண்மைதான். ஆனால் கவனித்துப் பாருங்கள்: வந்ததெல்லாம் பொருட்களின் பெயர். எனக்குத் தெரிந்தவரை ஒரு வினைச்சொல்கூடக் கரையேறவில்லை. ஆள் மாட்டிக்கொள்வதெல்லாம் வினையில்தான்.

அதிலும் ஒழுங்குக்கு அடங்காத வினைகள். போர்த்துக்கேயத்தில் ‘போர்’ என்று ஒரு வினை இருக்கிறது. நம்முடைய ‘போடு’ என்பதற்கு ஏறக்குறையச் சமம். மேசையில் போடுவதும் அதுதான், மெசினைப் போடுவதும் அதுதான். ‘நான் போட்டேன்’ என்றால் ‘பூஷ்’. ‘அவன் போட்டான்’ என்றால் ‘போஷ்’. ‘முடியும்’ என்ற வினையும் இப்படித்தான்: என்னால் முடிந்தது என்றால் ‘பூது’, அவனால் முடிந்தது என்றால் ‘போது’. நான் என்றால் ஊ. அவன் என்றால் ஓ. நடுவில் இருப்பது உதட்டின் ஒரு சிறு குவிவு. முன்னால் ‘நான்’, ‘அவன்’ என்று சொல்ல வேண்டிய கட்டாயமும் அந்த மொழியில் இல்லை. அந்தக் குவிவை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இதை மனதில் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

நயினாதீவில் சுகந்தி என்று ஒரு பெண். முப்பது வயது கடந்திருக்கும், இரண்டு சிறு பிள்ளைகள். அவளுடைய கணவன் தயாளன் போர்த்துக்கலின் தெற்கில் ஒரு பழத்தோட்டத்தில் வேலை செய்தவர். பிளாஸ்டிக் கூடாரங்களுக்குள் சட்டிகளில் பழச்செடி வளர்ப்பார்கள். சுகந்தியின் தம்பி கோபியையும் அவரே கூப்பிட்டு அங்கே சேர்த்துவிட்டிருந்தார். சுகந்திக்கும் கோபிக்கும் தாய் தகப்பன் இல்லை. தம்பியை வளர்த்தது அக்காதான்.

தோட்டத்தில் மண்ணையும் தென்னந்தும்பையும் சேர்த்துக் கலக்கும் பெரிய உருளை மெசின் ஒன்று இருந்தது. ஒருநாள் அது சிக்கிக்கொண்டது. தயாளன் சிக்கலை எடுக்க உருளைக்குள் இறங்கினார். அவர் உள்ளே இருக்கும்போது மெசின் ஓடியது.

வேறு விவரம் வேண்டாம்.

அந்த இடத்தில் இன்னும் இரண்டே பேர்தான் இருந்தார்கள். ஒருவர் இவர்கள் ஓவசியர் என்று அழைத்த மேற்பார்வைக்காரர், உள்ளூர்ப் போர்த்துக்கேயர். மற்றவன் கோபி. அவசர உதவிக்குத் தொலைபேசி எடுத்தது கோபி. அந்த அழைப்பு பதிவாகியிருந்தது. மெசின் இரைச்சலுக்கும் அலறலுக்கும் நடுவில் அவன் ஒரு வினையைச் சொல்கிறான். பூஷ் என்கிறானா, போஷ் என்கிறானா என்று யாராலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. குடும்பத்துக்காக வாதாடிய அங்கேயுள்ள சட்டத்தரணி ‘போஷ்’ என்றார்: அவர்தான் போட்டார், அதாவது ஓவசியர். தோட்டத்தின் சட்டத்தரணி ‘பூஷ்’ என்றார்: நான் போட்டேன், அதாவது கோபி. ஓவசியருக்கு வேலை போய்விட்டது, அவர் மேல் வழக்கும் வரவிருந்தது.

உடலோடு ஊருக்கு வந்த கோபி திரும்பிப் போகவில்லை. நயினாதீவில் அக்காவின் வீட்டில் இருந்து பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடுவதும் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதுமாக இருந்தான். அவனுடைய வாக்குமூலம் வேண்டும், காணொளியில் எடுக்கலாம், உரைபெயர்ப்பாளர் ஊரிலேயே இருக்கிறாராமே என்று போர்த்துக்கலிலிருந்து விசாரணைக்காரர்கள் கேட்டார்கள். அப்படித்தான் அது என்னிடம் வந்தது. பதிவை அனுப்பி என் கருத்தையும் கேட்டிருந்தார்கள். பலமுறை கேட்டேன். எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடவில்லை என்றே எழுதி அனுப்பினேன்.

குறித்த நாளில் சுகந்தியும் கோபியும் படகில் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, அங்கிருந்து ஓட்டோவில் நாரந்தனைக்கு என் வீட்டுக்கு வந்தார்கள். படகு பிந்திவிட்டது. கோபி வாசலில் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, குழாயில் நெடுநேரம் முகம் கழுவினான். அதற்குள் சுகந்தி என் பின்னால் குசினிக்கு வந்துவிட்டாள்.

"அன்ரி, அவன்ரை பாஷை உடைஞ்ச பாஷை. அண்டைக்குப் பயத்தில வாய் தடுமாறியிருப்பான். ‘அவர் போட்டவர்’ எண்டு சொல்ல வந்து ‘நான் போட்டனான்’ எண்டு சொல்லியிருந்தாலும் நீங்கள் அதைச் சரிப்படுத்தி விடுங்கோ."

"அவர் என்ன சொல்லுறாரோ அதைத்தான் நான் சொல்லுவன், பிள்ளை."

"அது போதும் அன்ரி. அவன் உண்மையைத்தான் சொல்லுவான்." பிறகு குரலை இறக்கி, "அந்த ஓவசியருக்கு நான் அம்மாளாச்சி கோயில் வாசலில மண் அள்ளித் திட்டினனான். அவன்ரை குடும்பம் விளங்காது" என்றாள்.

அவள் கெட்டவள் அல்ல. அப்படிச் சொன்னபோது என் கையிலிருந்த தேநீர்த் தட்டை வாங்கி, எனக்குப் பாரம் என்று தானே தூக்கிக்கொண்டு போனாள்.

முன் அறையில் கணினியை வைத்திருந்தேன். திரையில் விசாரணை அதிகாரி, நடுவயதுப் பெண். பக்கத்துக் கட்டத்தில் குடும்பத்தின் சட்டத்தரணி. அதிகாரி வணக்கம் சொல்லிவிட்டு, பிந்தியதற்குக் காரணம் கேட்டார். நான் அதைத் தமிழில் சொல்ல வாயெடுப்பதற்குள் கோபியே போர்த்துக்கேயத்தில் பதில் சொன்னான். படகு நேரத்துக்கு வரவில்லை, அக்காவோடு வந்தேன், என்னால் முன்னதாக வர முடியவில்லை என்று மூன்று சிறு வசனங்கள். சொற்கள் குறைவு. உச்சரிப்பில் நயினாதீவு மணத்தது. ஆனால் ‘வா’ என்ற வினையைப் படகுக்கு ஒருவிதமாகவும் தனக்கு ஒருவிதமாகவும் சரியாகச் சொன்னான். ‘முடியவில்லை’ என்பதற்கு, தெளிவாக, உதட்டைக் குவித்து ‘பூது’ என்றான்.

குறிப்பெழுத எடுத்த பேனாவை நான் அந்த இடத்திலேயே கீழே வைத்துவிட்டேன்.

ஏன் என்று உங்களுக்கு விளங்கியிருக்கும். நான் என்றால் ஊ என்பது அவனுக்குத் தெரியும். கேட்டுக் கேட்டுக் கற்றவர்கள் எல்லோரும் தடுக்கி விழுகிற இடம் அது. அவன் யோசிக்காமலே தாண்டிப் போனான். அப்படிப்பட்டவன் பூஷையும் போஷையும் மாற்றமாட்டான். அதுவரை சுகந்தி சொன்னதை நானும் நம்பியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. பிடிபடவில்லை என்று எழுதி அனுப்பினாலும், மனதுக்குள் அந்தப் பதிவில் ஓ என்றுதான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

சுகந்தி அவனுக்குப் பக்கத்தில், முழங்கால் முட்ட உட்கார்ந்திருந்தாள். இனி வரப்போவதை அவள் அங்கே இருந்து கேட்கக்கூடாது என்று எனக்குப் பட்டது.

"பிள்ளை, நீர் குசினியில போய் எங்களுக்கு இன்னொருக்காத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வாறீரோ?"

"இப்பதானே குடிச்சனாங்கள், அன்ரி. நான் இதில இருக்கிறன்."

அதற்கு மேல் நான் என்ன சொல்வது? அவளை வெளியே அனுப்புவது என் வேலை அல்ல. நான் ஊகித்ததை அவளுக்குச் சொல்லுவதும் என் வேலை அல்ல.

அதிகாரி கேட்டார்: மெசினைப் போட்டது யார்?

"தம்பி, மெசினைப் போட்டது ஆர் எண்டு கேக்கினம்."

கோபி தமிழில்தான் பதில் சொன்னான். தலையைக் குனிந்து, "அத்தான் உள்ளுக்கு இறங்கினவர். அந்த நேரம் பாத்து மெசினைப் போட்டாச்சு" என்றான்.

போட்டாச்சு. நம்முடைய மொழியில் அது ஒரு நல்ல ஒளிவிடம். காரியம் முடிந்தது, செய்த கை தெரியவில்லை. மாதக்கணக்காக அவன் அக்காவிடமும் இப்படித்தான் சொல்லி வந்திருக்கிறான் என்று எனக்கு அப்போது விளங்கியது. பொய் சொல்லவில்லை. ஆளை மட்டும் விட்டுவிட்டான். அந்த வெற்றிடத்தில் அவள் ஓவசியரைக் கொண்டுவந்து நிறுத்தினாள்.

போர்த்துக்கேயத்தில் ஆள் சொல்லாமல் சுற்றிவளைத்துச் சொல்ல வழி உண்டு. மெசின் இயக்கப்பட்டது என்பது மாதிரி. அவன் வசனத்தில் ஆள் இல்லை என்பதால் நானும் ஆள் இல்லாமலே சொன்னேன். அதிகாரி நிமிர்ந்தார். "யாரால்?" என்றார்.

நான் அதை மொழிபெயர்க்கு முன்பே சட்டத்தரணி திரையில் முன்னுக்குச் சாய்ந்து, "போஷ். அப்படித்தானே அம்மா? அவர் சொன்னது போஷ்தானே?" என்று என்னிடம் கேட்டார். அந்த ஒரு சொல் சுகந்திக்கும் தெரியும். அவரிடம் கேட்டுக் கேட்டுப் பாடமாகியிருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஓம், போஷ், போஷ் எண்டு சொல்லுங்கோ அன்ரி. அதைத்தான் அவன் சொல்லுறான்" என்றாள். படம் ஒருமுறை உறைந்து திரும்பி வந்தது. அதிகாரி, இணைப்பு அறுந்துவிடும் போலிருக்கிறது, உங்கள் புரிதலின்படி பூஷா போஷா என்று ஒரு சொல்லில் சொல்லுங்கள், பதிந்துவிடுகிறேன் என்றார்.

உங்கள் புரிதலின்படி. அந்தக் கேள்வி உங்களிடமும் ஒருநாள் வரும். மிக மரியாதையான குரலில், அவசரமான ஒரு வேளையில் வரும். அந்த நேரம் அறையிலும் திரையிலும் இருந்த நான்கு பேருக்கும் நான் ஒரு சொல் சொன்னால் போதும். ஓ என்றிருந்தால் அங்கே ஒரு மனிதன் சிறைக்குப் போயிருப்பான், இங்கே ஒரு வீடு அப்படியே இருந்திருக்கும். ஊ என்றிருந்தால், அவன் சொல்லாத ஒரு குற்ற ஒப்புதலை அவன் வாயில் நான் திணித்திருப்பேன், அது உண்மையாக இருந்தாலும்.

"சாட்சி சொன்ன வசனத்தில் ஆள் இல்லை," என்றேன். "நான் ஆளைச் சேர்க்க முடியாது. அவரிடம் திரும்பக் கேட்க அனுமதி வேண்டும்."

சுகந்தி என் கையை விட்டாள். நான் கோபியைப் பார்த்துச் சொன்னேன்: "தம்பி, நீர் சொன்னதில ஆள் இல்லை. ஆர் எண்டு நீர்தான் சொல்லவேணும். என்னால சொல்ல ஏலாது."

அவன் நிமிர்ந்து என்னைப் பார்த்தான். பிறகு திரையைப் பார்த்தான். மொழிபெயர்க்க எனக்கு எதையும் மிச்சம் வைக்காமல், போர்த்துக்கேயத்தில், "பூஷ்" என்றான். பிறகு ‘நான்’ என்பதையும் சேர்த்து, "எவூ பூஷ்" என்றான்.

சுகந்தி என்னைத்தான் பார்த்தாள். "பிழையாச் சொல்லுறான், அன்ரி. சொல்லுங்கோ, பிழையாச் சொல்லுறான்."

"இல்லை, அக்கா," என்றான் கோபி. "நான்தான் போட்டனான்."

திரையில் சட்டத்தரணி கண்ணாடியைக் கழற்றியது நினைவிருக்கிறது. சுகந்தி அழவில்லை. வாய் திறந்தபடி இருந்தது. தம்பியின் முழங்காலில் முட்டியிருந்த தன் முழங்காலை விலக்கவும் அவளுக்குத் தோன்றவில்லை.

என்ன நடந்தது என்று அதிகாரி கேட்டார். கோபி தமிழில் சொல்லத் தொடங்கினான். நான் சொல்லிக்கொண்டே போனேன். நம் வேலையில் ‘அவன் சொல்கிறான்’ என்று சொல்வதில்லை. அவன் ‘நான்’ என்றால் நாமும் ‘நான்’ என்றே சொல்ல வேண்டும். தயாளனின் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, என் குரலில், ‘நான் போட்டேன்’, ‘என் கை சுவிச்சில் இருந்தது’ என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தனை வருட அனுபவம் அதற்கு எனக்கு உதவவில்லை. நடுவில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தேன்.

அவன் சொன்னது இதுதான். சுவிச்சுப் பெட்டி உருளைக்குப் பின்பக்கம். அங்கே நின்றால் வாய்ப்பக்கம் தெரியாது. ஓவசியரும் அத்தானும் முன்னுக்கு நின்றார்கள். சிக்கலைக் கழற்றுவதற்காகப் போடுவதும் நிறுத்துவதுமாக இருந்தார்கள். ஓவசியர் ‘போய்ங்’ என்று கத்துவார். ‘போடு’. இவன் போடுவான். கத்துவார், நிறுத்துவான். பக்கத்தில் வேறொரு மோட்டரும் இரைந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் வரவில்லை. பிறகு ஓவசியரின் குரல் கேட்டது.

"எப்பவும் எங்களைப் பாத்துப் ‘போய்ங்’ எண்டுதான் சொல்லுவார். அண்டைக்குப் ‘போஞ்ஞா’ எண்டு கேட்டது. நான் போனில பாத்துப் பாத்து அந்த வினை முழுக்கப் பாடமாக்கி வைச்சிருந்தனான். ‘போஞ்ஞா’ எண்டால் மரியாதையாச் சொல்லுறது. ‘போடுங்கோ’ எண்ட மாதிரி." அவன் மூச்சு வாங்கினான். "இண்டைக்குத்தான் எங்களோட மரியாதையாக் கதைக்கிறார் எண்டு நினைச்சன், அன்ரி. எனக்குச் சந்தோசமா இருந்தது. போட்டிட்டன்."

இதை நான் எப்படி மொழிபெயர்த்தேன் என்று எனக்குத் தெரியாது. மொழிபெயர்த்தேன். திரையில் அந்த அதிகாரி கையை வாயில் வைத்துக்கொண்டார். நான் சொல்லி முடிக்கும் முன்பே அவருக்கு விளங்கிவிட்டது. போர்த்துக்கேயம் தெரிந்த யாருக்கும் விளங்கும். உங்களில் அந்த மொழி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்.

‘போடு’ என்பது ‘போய்ங்’. ஆனால் ‘போடாதே’ என்று சொல்லும்போது ‘போய்ங்’குக்கு முன்னால் ‘நௌங்’ என்ற மறுப்பைச் சேர்த்தால் மட்டும் போதாது. வினையே உருமாறிவிடும். ‘நௌங் போஞ்ஞாஷ்’. மரியாதையாகப் ‘போடுங்கள்’ என்பதும் கிட்டத்தட்ட அதே உருவம்தான், ‘போஞ்ஞா’. தயாளன் உள்ளே இறங்கியதும் ஓவசியர் கத்தியது, போடாதே. நௌங் என்பதை மோட்டர் இரைச்சல் விழுங்கிவிட்டது. கடைசி ஷகரமும் போய்விட்டது. நடுவில் மிஞ்சியது கோபியின் காதில் விழுந்தது.

அந்த உருவம் அவனுக்குத் தெரியாமல் இருந்திருந்தால் அவன் கை அசைந்திராது. தோட்டத்தில் வேறு யாரும் அங்கே நின்றிருந்தால் ‘போய்ங்’ கேட்கும்வரை காத்திருப்பார்கள். இவன் படித்தவன். அக்கறையோடு, போனில் வினை அட்டவணை பார்த்துப் படித்தவன். இந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் நான் நின்றுவிடுகிறேன். இதற்கு மேல் என் புத்தி போவதில்லை.

முதலில் பேசியது சுகந்திதான். கோபியிடம் அல்ல, என்னிடம்.

"அப்ப அந்த மனுசன் என்ன எண்டு கத்தினவர், அன்ரி?"

"போடாதை எண்டு, பிள்ளை."

"அப்ப அவர் இவரைக் காப்பாத்தப் பாத்திருக்கிறார்."

"ஓம்."

"நான் அவருக்கு மண் அள்ளித் திட்டினனான்." அதைச் சொல்லிவிட்டு எழுந்தாள். கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "நான் அவருக்கு மண் அள்ளித் திட்டினனான்," என்று திரும்பவும் சொன்னாள்.

அதிகாரி அவள் என்ன சொல்கிறாள் என்று கேட்டார். நான் சுகந்தியைப் பார்த்தேன். "சொல்லுங்கோ," என்றாள். சொன்னேன். மண் அள்ளித் திட்டுவது என்றால் என்னவென்று விளக்கியும் சொன்னேன். ஓவசியர் ஒவ்வொரு விசாரணையிலும் ஒன்றையேதான் சொன்னார், தான் கத்தியது போடாதே என்றுதான் என்று. யாரும் நம்பவில்லை, நானும் நம்பவில்லை என்றார் அதிகாரி.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓவசியர் மீது வழக்கு வரவில்லை. கோபி மீதும் வைக்கவில்லை. ஆள் உள்ளே இறங்கும்போது சுவிச்சைப் பூட்டி வைக்க அந்த மெசினில் ஒரு பூட்டும் இருக்கவில்லை என்பதும், வேலைக்காரர்களுக்கு விளங்கும் மொழியில் யாரும் எதையும் சொல்லிக்கொடுக்கவில்லை என்பதும் தோட்டத்தின் பொறுப்பாகப் போயின. ஓவசியரோடு பேச வேண்டும் என்று சில மாதங்களுக்குப் பிறகு சுகந்தி என்னைக் கேட்டாள். பேச வைத்தேன். அவர்கள் இருவரும் பேசியது அவர்களுடையது. அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அதுவும் நம் வேலையில் ஒரு பகுதி.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது கொஞ்சம்தான். மறுப்பை விழுங்காதீர்கள். தமிழில் அது வினையின் வாலில் வரும், அங்கே தலையில் வரும். எங்கே வந்தாலும் அதை இரண்டு தரம் சொல்லுங்கள். அழகு கெட்டாலும் பரவாயில்லை. வசனத்தில் ஆள் இல்லாவிட்டால் நீங்கள் ஆளாக வேண்டாம். எவ்வளவு அவசரமென்றாலும், கேட்பவர் எவ்வளவு பாவமென்றாலும், திரும்பக் கேளுங்கள். எங்களால் முடிந்தது அவ்வளவுதான்.

அன்று பின்னேரம் அவர்களைத் தனியே அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஓட்டோவில் நானும் குறிகட்டுவானுக்குப் போனேன். கோபி சாரதிக்குப் பக்கத்தில் ஒடுங்கி உட்கார்ந்தான். சுகந்தி என் பக்கத்தில். வழியில் கடலுக்குக் குறுக்கே போகும் பாலம் முழுக்கக் காற்று. நயினாதீவுப் படகு புறப்படத் தயாராக நின்றது. கோயிலுக்குப் போகும் சனம் பூத்தட்டும் பழமுமாக ஏறிக்கொண்டிருந்தது. சுகந்தி என் கையைத் தொட்டுவிட்டு இறங்கிப் போய், படகுக்குள் ஒரு பலகையில் உட்கார்ந்தாள். கோபி ஏறவில்லை. இறங்குதுறை விளிம்பில், கயிறு கட்டியிருந்த தூணுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டான். அவனுக்குப் போக வேறு வீடு இல்லை என்பது எனக்குத் தெரியும். என் வீட்டுக்கு வரச் சொல்லலாம் என்று நினைத்து இரண்டு அடி வைத்தேன்.

படகோட்டி கயிற்றை அவிழ்த்துக்கொண்டே, "தம்பி, நீர் வாறீரோ, நிக்கிறீரோ?" என்று கேட்டார்.

படகுக்குள் சனம் அவனைத் திரும்பிப் பார்த்தது. சுகந்தி திரும்பவில்லை. கடலைப் பார்த்தபடியே, எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏறன்" என்றாள்.

‘ஏறு’ என்று அவள் சொல்லியிருக்கலாம். அது கட்டளை. ‘ஏறடா’ என்றிருந்தால் அது பழைய அக்கா. அவள் சொன்னது ‘ஏறன்’. கெஞ்சலும் இல்லை, மன்னிப்பும் இல்லை, கோபமும் முழுதாக இல்லை. ஏன் நிற்கிறாய் என்று ஒரு சலிப்பு, அதற்குள் அவனுக்கு ஒரு இடம். போர்த்துக்கேயத்தில் அதற்கு ஒரு உருவத்தை அன்றைக்கு நான் வீடு திரும்பும்வரை தேடினேன். கிடைக்கவில்லை.

கோபி ஏறினான். அவளுக்குப் பக்கத்தில் உட்காரவில்லை, படகின் பின்பக்கம் போய் நின்றான். படகு போய்விட்டது.